ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்

அமெரிக்க த்ராஷ் மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் நான்காவது ஆல்பம். 1988-இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் உயிரிழந்தார். அவரிடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் இக்குழுவுக்காக வாசித்த முதல் முழுநீள ஆல்பம் இது. ஆனால் அவர் வாசித்தது ஏறக்குறைய காதில் விழுவதே இல்லை. ஆல்பத்தைப் பற்றிய பேச்சு இன்றும் அந்தக் குறையிலிருந்துதான் தொடங்குகிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒலிப்பதிவை டென்மார்க்கின் ஃபிளெமிங் ராஸ்முசென் குழுவினருடன் சேர்ந்து தயாரித்தார். ஒலிக்கலவை ஸ்டீவ் தாம்ப்சன், மைக்கேல் பார்பியரோ ஆகியோருடையது. பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்ன டிரம்மர் லார்ஸ் அல்ரிச், குறைத்த பிறகு இன்னும் குறைக்கச் சொன்னார் என்று தாம்ப்சன் பின்னாளில் கூறினார். பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃப்களையே நியூஸ்டெட் பெரும்பாலும் ஒட்டி வாசித்ததும் அவர் ஒலி கிட்டாருக்குள் கரைந்துபோக ஒரு காரணம். விலைபோன நீதி, அரசியல் கறுப்புப் பட்டியல், எரிந்து கருகும் பூமி என்று விரியும் பாடல்களுக்கு இந்த வறண்ட ஒலி பொருந்தவே செய்கிறது. ஆனால் பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத் துணுக்குகளால் ஆன ‘டு லிவ் இஸ் டு டை’யைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது: ஒரு பேஸ் கலைஞருக்கான அஞ்சலியில் பேஸ் அமுங்கிக் கிடக்கிறது. 2018 மறுபதிப்பிலும் குழு அதை உயர்த்தவில்லை.

வரவேற்புக்குக் குறைவில்லை. பில்போர்டு பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது. போரில் கைகால், பார்வை, செவி, பேச்சு அனைத்தும் இழந்த படைவீரனைப் பற்றிய ‘ஒன்’ குழுவின் முதல் இசைக் காணொளியானது. மெல்லிய கிட்டாரில் தொடங்கும் பாடல், பிற்பாதியில் இயந்திரத் துப்பாக்கி போல வெடிக்கும் இரட்டை பேஸ் டிரம்முக்கு மாறுகிறது. த்ராஷ் இசையில் அதற்கு இணையான தருணங்கள் சிலவே.

1989 கிராமி விழாவில் ஹார்டு ராக், மெட்டல் இரண்டுக்கும் பொதுவாக முதன்முறை வழங்கப்பட்ட விருது, மெட்டாலிக்காவுக்கே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவுக்குப் போனது. அரங்கிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டு இரண்டும் தனித்தனி விருதுகளாகப் பிரிக்கப்பட, மெட்டல் விருதை ‘ஒன்’ பெற்றது.

ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் தலைப்புப் பாடலை வாசிக்கையில் முன்வரிசை ரசிகர்கள் கொட்டாவி விட்டதைக் கவனித்ததாகக் கிட்டார் கலைஞர் கர்க் ஹாம்மெட் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆல்பத்துக்குக் குழு புதிய தயாரிப்பாளர் பாப் ராக்கை நாடியது. 1991-இல் வந்த அதில் பாடல்கள் சுருங்கின. நியூஸ்டெட்டின் பேஸும் தெளிவாகக் கேட்டது.