ஒரு கணக்கு, இரு படங்கள்

ஏட்டுச்சுவடி ஒன்றை இருவர் படித்தால் இரண்டு பாடங்கள் பிறப்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வேறுபாடு காட்டும் குறி ஏட்டில் இராது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் கூறியிருந்தும், எழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். காலும் ரகரமும் ஒரே உருவில் நின்றன. எழுதியவன் ஒன்றை நினைத்து எழுதினான். படித்தவன் வேறொன்றைக் கண்டான். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்று முன்னர், பல ஏடுகளை ஒப்பு நோக்கிப் பட்ட பாட்டில் இவ்விடருக்கும் பங்குண்டு.

ஓலை போய்த் தாள் வந்தது. தாளோடு கணினியும் வந்தது. பழைய இடர் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அது புதிய உருவெடுத்து வந்த வரலாற்றையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன். முதலில், என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் மலாக்கா மாநிலத்துத் தமிழாசிரியர்களுக்கு வாசிப்புப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தனர். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் வந்தனர் என்பதை, புள்ளியியலுக்கென உலகெங்கும் வழங்கும் 'ஆர்' என்னும் மென்பொருள் கொண்டு பட்டைப் படமாக வரைந்தேன். குறைவாக வந்த மாவட்டத்திலேயே அடுத்த பட்டறையை நடத்துவது என்பது முடிவு. என் கணினியில் படம் சரியாக அமைந்தது. கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டு சென்று மீண்டும் வரைந்தபோது, மாவட்டப் பெயர்கள் நின்ற இடத்தில் வெறுங்கட்டங்களே நின்றன. நேரமோ இல்லை. பெயர்களை நீக்கிவிட்டு, முன்பு எடுத்த படியில் இருந்த வரிசைப்படியே அவற்றைக் கையால் தட்டெழுதி ஒட்டினேன். கூட்டத்தில் படத்தைக் காட்டினேன்.

ஜாசின் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் மாவட்டத்தில் இருந்து இத்தனை பேர் வரவில்லையே! நாங்கள் ஒரே வேனில் வந்தோம்," என்றார். அவை சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணிப் பார்த்தபோது அவர் சொன்னதே உண்மை. ஜாசினுக்குரிய பட்டையின் கீழே மலாக்கா தெங்காவின் பெயரும், மலாக்கா தெங்காவின் பட்டையின் கீழே ஜாசினின் பெயரும் நின்றன. அவர் வாய் திறவாது இருந்திருந்தால், பட்டறை வேண்டாத ஊருக்குப் போயிருக்கும். வேண்டிய ஊர் வெறுங்கையோடு நின்றிருக்கும்.

கட்டங்கள் தோன்றியது ஏன்? பட்டைகள் இடம் மாறியது ஏன்? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றுக்கு விடை காண, கணினியில் தமிழ் எழுத்து மூன்று நிலையில் வாழ்வதை உணர்தல் வேண்டும். ஒன்று எழுத்தின் எண்; இரண்டு எழுத்தின் உரு; மூன்று எழுத்தின் வரிசை.

எண்ணின் கதை

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ககரத்துக்கு இன்ன எண் என்று எல்லாரும் ஒப்பினால்தான், ஓரிடத்தில் எழுதிய ககரம் மற்றோரிடத்தில் ககரமாகும். தமிழுக்கு அவ்வொப்புதல் எளிதில் வந்துவிடவில்லை. நம் நாட்டில் கவிஞர் முரசு நெடுமாறனின் மகனார் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை வகுத்தார். தமிழகத்திலும் ஐரோப்பாவிலும் வேறு பலர் முயன்றனர். ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண் அடைவு. ஒருவர் எழுதிய மடலை மற்றவர் திறந்தால், பொருளற்ற குறிகளே கண்ணில் படும். தொண்ணூறுகளில் தேர்வுத்தாள் தட்டெழுதிய தமிழாசிரியர் எவரும் இதனை மறந்திரார். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு வினாத்தாளை வட்டில் அனுப்பும்போது, எழுத்துருவையும் அதே வட்டில் சேர்த்து அனுப்பிய காலம் அது.

இதனைத் தீர்க்க அறிஞர்கள் கூடினர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. 1999இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் கூடிய தமிழன்பர்கள் 'டிஸ்கி' என்னும் மற்றொரு முறையை வளர்த்தனர். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிக்கோடு 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அதில் ககரத்தின் எண் 2965. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, 'லதா' என்னும் யூனிக்கோடு எழுத்துருவைத் தாங்கி வந்தது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிக்கோட்டை ஏற்றது. எண்ணின் சண்டை ஒருவாறு ஓய்ந்தது எனலாம்.

ஆயினும் முற்றும் ஓயவில்லை. இன்று கோப்புகளில் யூனிக்கோட்டை எழுதும் பொதுமுறை யூ.டி.எஃப்-8 என்பது. அதில் ஒரு ககரம் 224, 174, 149 என்னும் மூன்று எண்களாகப் பிரிந்து நிற்கும். திறக்கும் கணினி, இது மேலைநாட்டு எழுத்தில் அமைந்த கோப்பு என்று தவறாகக் கருதினால், ஒவ்வோர் எண்ணையும் தனி எழுத்தாகக் காட்டிவிடும். தலையில் சாய்கோடு ஏந்திய உரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஓர் எழுத்தும் மாறி மாறித் தோன்றினால், அது இந்நோயே.

'ஆர்' மென்பொருளிலும் இந்நோய் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976ஆம் ஆண்டு ஜான் சேம்பர்ஸ் முதலியோர் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழியே இதன் மூலம். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் தொண்ணூறுகளில் 'ஆர்' மொழியை ஆக்கினர். அதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வந்தது. மெக்கின்டாஷ், லினக்ஸ் கணினிகளில் அது யூ.டி.எஃப்-8 முறையிலேயே இயங்கி வந்தது. விண்டோஸ் கணினியிலோ அவ்வந்நாட்டு வழக்கப்படியான பழைய எண்முறையிலேயே இயங்கியது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில்தான் புதிய விண்டோஸிலும் யூ.டி.எஃப்-8 இயல்பு முறையாயிற்று. ஆகவே, ஒரே கோப்பு ஒரு கணினியில் தமிழாகவும் மற்றொன்றில் குப்பையாகவும் தோன்றினால், இரண்டிலும் உள்ள 'ஆர்' பதிப்பு எண்ணை முதலில் ஒப்பிடுக.

உருவின் கதை

எண் ஒன்றாயினும் உரு ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. பெரியார் 1935இல் கைக்கொண்டு, தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை நாம் அறிவோம். பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு எழுதிய முதியோர் நம்மிடையே இருந்தனர். ஒலி அதே, வரிவடிவம் வேறு. கணினியில் எழுத்துரு செய்யும் வேலையும் இதுவே. எண்ணைக் கொடுத்தால் அது வடிவத்தைத் தரும். அவ்வெண்ணுக்குரிய வடிவம் எழுத்துருவில் இல்லையேல், வெறுங்கட்டம் தோன்றும். என் படத்தில் தோன்றியவை இக்கட்டங்களே. கோப்பில் பிழை இல்லை. அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. விண்டோஸ் 2000 முதல் வழங்கிய 'லதா', விண்டோஸ் 10இல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய எழுத்துருவாகிவிட்டது; விண்டோஸ் 8இல் வந்த 'நிர்மலா'வே இயல்பாக உடன் வருகிறது. பழைய கணினியில் 'லதா'வின் பெயரைக் குறித்து எழுதிய கட்டளை, புதிய கணினியில் அப்பெயரைத் தேடிக் காணாது போகக்கூடும். அப்போது வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து அமரும். அதன் அகலம் வேறாதலால், மாவட்டப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அல்லது ஒரு பெயர் காணாமலே போகும்.

இனி, எழுத்துரு இருந்தும் எழுத்து சிதைவது உண்டு. 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்க வேண்டும். எண் வரிசையிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக உள்ளன. அவற்றை இடம் மாற்றி அமைப்பது தனி ஒரு கருவியின் வேலை. அக்கருவி இல்லாத வரைமுறையில் கொம்பு பின்னால் தொங்கும். அல்லது புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும். 'ஆர்' ஒரே படத்தைத் திரையிலும், பட வடிவிலும், பி.டி.எஃப் வடிவிலும் வெவ்வேறு வரைமுறைகளால் வரைகிறது. அதன் பழைய பி.டி.எஃப் வரைமுறை தமிழை அறியாது. எழுத்துக்கு மும்மூன்று புள்ளியாக இட்டுவிடுவதே அதன் வழக்கம். 'கெய்ரோ' என்னும் வரைமுறையைத் தேர்ந்தால், எழுத்துருவும் அமைப்புக் கருவியும் உள்ள கணினியில், தமிழ் ஒழுங்காக வரும். திரையில் நன்றாக இருந்தது அச்சில் கெட்டது என்று கூறுவோர், தாம் ஒரு படத்தை இரு கைகளால் வரைந்ததை நினைத்துப் பார்ப்பாராக.

வரிசையின் கதை

கட்டமும் புள்ளியும் கண்ணில் படும் பிழைகள். ஆகவே கேடு சிறிது. கண்ணில் படாத பிழையே பெருங்கேடு. அது வரிசையில் நேர்வது.

பெயர்களை வகைகளாகப் பிரிக்கும்போது 'ஆர்' அவற்றைத் தானே வரிசைப்படுத்துகிறது. எந்த வரிசை? அது அக்கணினியின் இடவமைவைப் பொறுத்தது. மொழிநெறி அறிந்த அமைவில், தமிழ் நெடுங்கணக்கின்படி வரிசை அமையும். கிரந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னே நிற்கும். வெற்று அமைவில், எழுத்தின் எண்ணே வரிசையாகும்.

யூனிக்கோட்டின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு அன்று. இந்திய அரசு 1988இல் வகுத்த 'இஸ்கி' முறையைத் தழுவி அது அமைந்தது. இந்திய மொழிகள் எல்லாம் ஒன்றற்கொன்று நேராக நிற்க வேண்டும் என்னும் நோக்கால், தேவநாகரியின் ஒழுங்கில் தமிழ் எழுத்துகள் வைக்கப்பட்டன. எனவே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வந்தன. ல, ள, ழ ஆகியவற்றின் பின்னர் வகரம் நின்றது. ஜகரமோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே புகுந்தது.

இப்போது நம் மூன்று மாவட்டங்களையும் நோக்குக. அகரத்தின் எண் 2949. ஜகரத்தின் எண் 2972. மகரத்தின் எண் 2990. எண்முறையில் வரிசை அலோர் காஜா, ஜாசின், மலாக்கா தெங்கா. நெடுங்கணக்கு முறையில் அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின். என் கணினி நெடுங்கணக்கைப் பின்பற்றியது. மற்றது எண்ணைப் பின்பற்றியது. பட்டைகள் புது வரிசையில் நிற்க, நான் பழைய வரிசையில் பெயர் ஒட்டினேன். கணினி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனைப் பொய் சொல்ல வைத்தேன்.

தீர்வு எளிது. மாவட்டங்களின் வரிசையை மென்பொருளின் விருப்பத்துக்கு விடாமல், கட்டளையிலேயே பெயர் பெயராக எழுதிவிடுதல் வேண்டும். பட்டைக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பை ஒருபோதும் கையால் அறுத்தல் கூடாது. பெயர் கட்டமாகத் தோன்றினால் எழுத்துருவைத் தேடுக, பெயரை நீக்கற்க. வரைந்த படத்தோடு எண்களின் அட்டவணையையும் சேர்த்தே அனுப்புக. எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த இடவமைவு என்பதை அடியில் ஒரு வரியாகக் குறித்துவிட்டால், பின்வருவோர் ஒப்பு நோக்க வழியுண்டு. ஏடு பதிப்பித்த பெரியோர், இன்ன ஏட்டில் இன்ன பாடம் என்று அடிக்குறிப்பிட்டது இந்நோக்கத்தால் அன்றோ?

இத்துணை நுணுக்கம் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமா என்று வினவுவோர் உளர். பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டபோதும், தோட்டம் வீட்டு மனையானபோதும், நம் மக்கள் பட்டணம் பெயர்ந்தபோதும், தோட்டப் பள்ளிகளின் மாணவர் தொகை குறைந்தது. இந்நாட்டில் 150 பேருக்கு மேற்படாத பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. அத்தகைய பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண். பெரிய பள்ளியின் படத்தில் பட்டை சற்று நகர்ந்தால் எவர்க்கும் இழப்பில்லை. சிறிய பள்ளியின் பட்டை வேறொரு பெயரின் கீழ் நின்றால், அதற்கு வரவேண்டிய ஆசிரியரும் நூல்களும் வேறிடம் போகக்கூடும்.

என் பிழையைக் கண்டவர் கணினி கற்றவர் அல்லர். தம் ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தனர் என்பதை அறிந்தவர். படத்தை நம்பு முன், அதில் உள்ள ஊரை அறிந்த ஒருவரிடம் காட்டுவது நலம். அன்று முதல் நான் அதனை வழக்கமாகக் கொண்டுள்ளேன்.