எருக்கங்குச்சியும் ஒரு சிரிஞ்சும்

எங்க திருவட்டாறு பக்கம் பெரியவங்க கிட்ட பேச்சுக் குடுத்தா ஆதிகேசவப் பெருமாள் கதை சத்தமா வரும். எருக்கங்குச்சி கதை மட்டும் குரல் தாழ்ந்துதான் வரும். கரு கலைக்க அந்தக் குச்சியைக் கர்ப்பப்பைக்குள்ள செருகுவாங்க. கரு போகும். சீழ் பிடிச்சு, ஜன்னி கண்டு, சில நேரம் தாயும் போயிருவா.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 312-ம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாத்த அல்லாம கலைச்சா அன்னைக்கு 3 வருஷம் வரை சிறை இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் மக்கா!

1964-ல் சாந்திலால் ஷா கமிட்டி போட்டாங்க. அதன் அறிக்கையை வச்சு 1971-ல் சட்டம் வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் அமலாச்சு. கதவு திறந்தாச்சு. ஆனா டாக்டர் கையில இருந்தது கூரான சுரண்டுகரண்டி. 'டிஎன்சி', 'வயித்தைக் கழுவுறது'ன்னு நம்ம ஊர்ல சொல்றது இதைத்தான். அதிகமா சுரண்டினா கர்ப்பப்பையில ஓட்டை விழலாம். உட்சுவர் ஒன்னோட ஒன்னு ஒட்டிப் பிறகு குழந்தை தங்காமப் போகலாம். இதை ஆஷர்மன் 1948-லேயே எழுதி வச்சார்.

மாற்று வழி சீனாவில் இருந்து வந்தது. 1958-ல் அங்குள்ள டாக்டர்கள் உறிஞ்சி எடுக்கும் முறையை வெளியிட்டாங்க. 1970-களில் வளையும் பிளாஸ்டிக் குழாயும் கைச் சிரிஞ்சும் வந்தபிறகு கரண்டே வேண்டாம்னு ஆச்சு. சுரண்டுறது காலாவதியான முறை, கைவிடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2012-ல் சொல்லிருச்சு.

மிச்ச ஆபத்தைக் குறைக்கவும் வழி இருக்கு. கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு முதல்லயே கையால பாக்கணும். தேவைப்பட்டா வாயை மாத்திரையால இளக்கணும். ஆன்டிபயாட்டிக் முன்னாடியே குடுக்கணும். எடுத்தது முழுசா வந்துட்டான்னு பாக்கணும். வீட்டுக்கு வந்தபிறகு மணிக்கு 2 பேட் வீதம் 2 மணிநேரம் நனைஞ்சாலோ, காய்ச்சலோ, நாத்தமடிக்கிற வெள்ளைப்படுதலோ இருந்தாலோ உடனே ஓடணும்.

இதெல்லாம் சீக்கிரம் வர்றவளுக்குத்தான் சுலபம். வாரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். வெளிய தெரிஞ்சிருமோன்னு நாளைக் கடத்துறவங்க இன்னைக்கும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு சேதி: 2021 திருத்தப்படி, சட்டம் அனுமதிச்சவங்க தவிர வேற யார்கிட்டயும் உங்க பேரைச் சொன்னா டாக்டருக்கே 1 வருஷம் வரை சிறை உண்டு. அன்னைக்குப் பொண்ணை மிரட்டின சட்டம் இன்னைக்கு அவ ரகசியத்துக்குக் காவல் நிக்குது. உங்க வீட்டுப் பெண்களுக்கு இதைச் சத்தமாவே சொல்லுங்க.