ஒரு டாக்டர் கட்டின அறிவியல் மேடை

 

பழவேற்காடு ஏரியை வரைபடத்தில் பாருங்க. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கிருந்து ராக்கெட் போகுது. ஏவுற நாளில் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்கு 'கடலுக்குப் போகாதீங்க'ன்னு அறிவிப்பு வரும். படகு கரையிலேயே நிற்கும், அன்றைய வருமானம் போச்சு. கண்ணெதிரே நெருப்பு மேலே ஏறுது. அது என்ன, எதுக்குப் போகுதுன்னு வலை பின்னிட்டு இருக்கிற பெரியவர்கிட்ட உட்கார்ந்து சொல்றது யாரோட வேலை?

அறிவியலைப் பொதுமக்கள் முன்னால் மேடையேற்றணும்னு 150 வருஷத்துக்கு முன்னாடியே கல்கத்தாவில் ஒருத்தர் பிடிவாதமா நின்றார். அவர் விஞ்ஞானி இல்லை. நம்ம ஆளு, டாக்டர்.

பெயர் மகேந்திரலால் சர்க்கார். பிறப்பு 1833. 1863-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.டி. முடிக்கிறார். 1867-ல் ஆங்கில மருத்துவர்கள் கூடியிருந்த சபையிலேயே எழுந்து, ஹோமியோபதியை ஆதரித்துப் பேசிவிட்டார். சக மருத்துவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். (அந்த விஷயத்தில் எனக்கு அவரோடு துளியும் உடன்பாடு இல்லை. அதுக்குத் தனி இழையே போடலாம், இப்ப வேண்டாம்.)

1869-ல் ஒரு கட்டுரை எழுதுகிறார். இந்தியர்களே பணம் போட்டு, இந்தியர்களே நடத்துகிற அறிவியல் நிறுவனம் ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். 'தொழிற்கல்விப் பள்ளி போதுமே, எதுக்கு வெறும் அறிவியல்?' என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. புனித சவேரியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திய லஃபோன் பாதிரியார் சர்க்கார் பக்கம் நின்றார். நன்கொடை சேர்க்கவே வருஷங்கள் ஓடின. 1876 ஜூலை 29-ல் பவ்பஜார் தெருவில் 'இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம்' திறக்கப்பட்டது.

அங்கே நடந்த முக்கியமான வேலை, பொது விரிவுரைகள். லஃபோன் கருவிகளை வைத்துச் செய்து காட்டிப் பேசுவார். சர்க்காரே பேசுவார். ஜகதீஷ் சந்திர போஸும் அங்கே பேசியிருக்கிறார். ஆனால் சர்க்கார் கேட்டது பேச்சு மட்டுமில்லை. ஆராய்ச்சியும் நடக்கணும், சம்பளத்துக்குப் பேராசிரியர்கள் வேணும். அதுக்கான பணம் கடைசிவரை வரவில்லை. மனக்குறையோடுதான் 1904-ல் இறந்தார்.

மூணே வருஷம். 1907-ல் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு கல்கத்தா வந்த, 19 வயதுகூட நிரம்பாத நம்ம திருச்சிப் பையன் ஒருத்தன் அந்தக் கட்டடத்தின் கதவைத் தட்டுகிறான். உள்ளே அறை இருக்கு, கருவிகள் இருக்கு, வேலை செய்யத்தான் ஆளில்லை. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான் கிடந்தான். சி.வி.ராமன். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு அதே கட்டடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கூட இருந்தவர் நம்ம வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். 1930-ல் நோபல்.

இதை வெற்றிக்கதையா மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஹூக்ளியில் படகு ஓட்டினவர் உள்ளே வந்திருந்தாலும் அவருக்கு ஒண்ணும் விளங்கியிருக்காது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு டாக்டர், அமெரிக்கர், சாமுவேல் கிரீன். 1847-ல் வந்தவர். தமிழ் கற்று, 1860-களில் மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றி, பாடப்புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். உடற்கூறியலைத் தமிழில் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கப் போனார்கள், யோசிச்சுப் பாருங்க! பிறகு இங்கே 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அரங்கத்தை விட்டு இறங்கி, பாட்டும் நாடகமுமாகத் தெருவுக்கே அறிவியலைக் கொண்டுபோனது.

பழவேற்காட்டில் இன்னொரு விஷயமும் இருக்கு. அங்கே பேசப் போறவர் கேட்கவும் தயாராப் போகணும். ஏரி முகத்துவாரம் மண் தூர்ந்தால் உப்பின் அளவு மாறும், இறால் வரத்து குறையும். இது அவங்க வயித்தோட சம்பந்தப்பட்ட பாடம். எந்த இடத்தில் யார் எப்போ வலை போடணும்னு முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கத்தை ஆய்வாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போனதே இவங்ககிட்ட கேட்டுத்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தவர். அதனால கல்லூரிக்கும் கரைக்கும் நடுவில் பாதை ஏற்கெனவே இருக்கு.

கல்லூரி அறிவியல் மன்றங்களில் இருக்கிற தம்பி தங்கைகளே, உங்க அடுத்த விரிவுரையை அங்கே தமிழில் வையுங்க. முதல் பாதி ராக்கெட், நீங்க பேசுங்க. அடுத்த பாதி முகத்துவாரம், அவங்க பேசட்டும். தேதி வேணும்னா ராக்கெட் ஏவுற நாளையே எடுத்துக்கோங்க. அன்னைக்கு எல்லாரும் கரையில்தான் இருப்பாங்க.