இருமருந்தும் ஓரிதயமும்

நல்ல மருந்துகள் இரண்டு கூடின் நன்மையும் இரட்டிக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணை ஆராய்தற்குரியது என்பதை, இதயத்துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு அளிக்கப்பட்ட இரு மருந்துகளின் வரலாறு விளக்குகின்றது.

முதலாவது டிஜிற்றாலிஸ். இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரில் மருத்துவம் புரிந்த வில்லியம் விதெரிங் என்பார், நீர்வீக்கத்துக்கு முதியாள் ஒருத்தி வழங்கிய கூட்டு மருந்தொன்றை 1775இல் அறிந்தார். ஏறத்தாழ 20 மூலிகைகள் சேர்ந்த அம்மருந்தின் ஆற்றலுக்கு டிஜிற்றாலிஸ் பூண்டே காரணமெனத் தெளிந்து, 1785இல் நூலொன்று வெளியிட்டார்.

இரண்டாவது, சிங்கோனா மரப்பட்டையிற் கிடைக்கும் குவினிடீன். 1912இல் ஒல்லாந்த வணிகர் ஒருவர், கொயினா உண்டு தம் நாடியைத் தாமே சீராக்க வல்லவர் என வைத்தியர் வெங்கெபாக்கிடம் கூறினார். வைத்தியர் நம்பினாரல்லர், மறுநாள் வணிகர் சீரான நாடியுடன் வந்து நின்றார். 1914இல் வெங்கெபாக் இதனை நூலிற் பதிந்தார். சிங்கோனாப் பொருள்களுட் குவினிடீனே சிறந்ததென 1918இல் வால்டர் பிரை காட்டினார்.

சோணையறைகள் ஒழுங்கிழந்து நடுங்குங்கால், டிஜிற்றாலிஸ் இதயவறைகளுக்குச் செல்லும் தூண்டுதல்களைக் குறைத்து அவற்றின் வேகத்தை அடக்கும்; நடுக்கத்தை நீக்காது. குவினிடீனோ நடுக்கத்தையே மாற்றி இயல்பான ஒழுங்கை மீட்கவல்லது. ஆயின் அதனைத் தனியே அளிப்பின், தூண்டுதல்கள் தடையின்றிக் கீழிறங்கி இதயவறைகள் மிக விரைந்து துடித்தலும் கூடும். ஆதலின், முன்னர் டிஜிற்றாலிஸால் வழியைக் காத்துப் பின்னர்க் குவினிடீன் அளித்தல் முறையாயிற்று.

இக்கூட்டு பல பதிற்றாண்டுகள் நிலவியது. டிஜிற்றாலிஸ் இனத்திலிருந்து 1930இல் டிகொக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. எனினும், குருதியில் அதனை நுட்பமாக அளக்கும் முறை 1960களின் இறுதியிலேயே கைவந்தது. அதன் பயனாக 1978இல் ஓர் உண்மை வெளிப்பட்டது: குவினிடீன் சேருங்கால், குருதியிலுள்ள டிகொக்சின் ஏறத்தாழ இருமடங்காகின்றது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுதலைக் குவினிடீன் தடுப்பதே இதற்கு ஒரு முதன்மைக் காரணம். குமட்டலும் வாந்தியும் தோன்றியபோதெல்லாம் குவினிடீனே பழிசுமந்தது. மிகுந்துவிட்ட டிகொக்சினும் அவற்றுக்குக் காரணமாயிருத்தல் கூடும் என்பது அப்பொழுதே புலனாயிற்று. இதன்பின், இரண்டையும் சேர்த்தளிக்கையில் டிகொக்சினைப் பாதியாகக் குறைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இதயத்தில் அவ்விரு மருந்தும் செய்வதை முன்னையோர் ஓரளவு உணர்ந்திருந்தனர். உடலினுள் ஒன்றை மற்றொன்று என்செய்யும் என்பதே அவர்க்கு மறைந்திருந்தது. கூட்டு மருந்தின் நன்மையை நோயாளரின் நாடி காட்டிற்று. அதன் தீமையைக் காட்டக் குருதியையும் அளத்தல் வேண்டியதாயிற்று.