சொல்லாத நோய்

கரிவலம்வந்தநல்லூரில் என் பெரியம்மா வீட்டுப் புறவாசலில் ஒரு கற்றாழை உண்டு. விடிந்ததும் அதன் சோற்றை ஏழு தண்ணீரில் அலசி, மோரில் போட்டு விழுங்குவாள். “எதுக்குப் பெரியம்மா?” என்று கேட்டால், “உடம்புச் சூடு, ஏளா” என்பாள். அந்தச் ‘சூட்டுக்கு’ வெள்ளைப்படுதல் என்று வேறொரு பெயர் உண்டென்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. அரிப்பையும் எரிச்சலையும் இருபது வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தாள், பாவம்!

எல்லா வெள்ளையும் நோயல்ல. நிறம் மாறி, நாற்றமும் அரிப்பும் சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய டாக்டர் 1892-ல் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார்: பெண்ணின் பிறப்புறுப்பில் சில நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிகளுக்கு அவை உறவு. அவை உண்டாக்கும் புளிப்பே கெட்ட கிருமிகளைத் தடுக்கும் காவல். அந்தக் காவல் குலைந்து வேறு கிருமிகள் பெருகுவதால் வரும் நோயை 1955-ல் அமெரிக்காவில் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இருவர் விவரித்தார்கள். காளானாலும், வேறோர் ஒட்டுண்ணியாலும் வருவதுண்டு. வகைக்கு வகை மருந்து வேறு. கர்ப்பிணிக்குக் கிருமிக் காவல் குலைந்தால் குறைமாதப் பிரசவ அபாயமும் கூடுகிறது. பெரியம்மாவோ, சுத்தம் என்று நினைத்து, மருந்துத் தண்ணீரால் உள்ளே கழுவிக் கழுவி அந்தக் காவலையே விரட்டிக்கொண்டிருந்தாள்!

நம் நாட்டில் பெண் டாக்டர்கள் இல்லாமலில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லிப்பின் முயற்சியால் 1885-ல் பெண்களுக்கென்று எழுந்த ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா பெயரில் நிற்கிறது. ஆனாலும் நூறு வருஷம் கழித்து, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 92 பேருக்கு இத்தகைய பெண் நோய் ஏதாவது ஒன்று இருந்தது. அதற்குமுன் பரிசோதனை செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு 8 பேர்தான். 1989-ல் வெளிவந்த கணக்கு இது.

கடைசியில், பெரியம்மாவைச் சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். எட்டாம் நாள் பெரியம்மா என்னிடம் கேட்டாள்: “இம்புட்டுத்தானா? எங்க அம்மையும் இதோடதானே ஏளா செத்தா?”

நான் என்ன பதில் சொல்ல?