உடையார்பாளையம் வட்டாரத்தில் குடியும் போதைப் பழக்கமும்

அரியலூர் மாவட்டத்தின் கிழக்கே உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வட்டாரம் முந்திரி, மானாவாரிப் பயிர், கைத்தறி நெசவு ஆகியவற்றை நம்பியது. இங்கு பெரும்பான்மையான போதைப் பழக்கம் சட்டப்படி விற்கப்படும் மதுவே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள். அனைத்திந்திய அளவு 18.8.

உடையார்பாளையம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1948இல், சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் மொத்த விற்பனைக்காக உருவான அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 2023–24இல் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45,855 கோடி. பகல் 12 முதல் இரவு 10 வரை கடை உண்டு. நாட்கூலி கைக்கு வரும் நேரமும் அதற்குள்தான். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017இல் நெடுஞ்சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டபோது, அவை ஊருக்குள் நகர்வதை எதிர்த்து மாநிலமெங்கும் பெண்கள் மறியல் செய்தனர்.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 விழுக்காடு சாராயச் செறிவில் அதில் சுமார் 60 கிராம் எத்தனால் இருக்கிறது. "ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லப்படுவது, 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால், ஆறு அலகு. வெறும் வயிற்றில், தண்ணீர் கொஞ்சமாகக் கலந்து, சில நிமிடங்களில் குடித்து முடிப்பதும் வழக்கம். கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, நரம்புத் தளர்ச்சி, இரவு நேர இருசக்கர வாகன விபத்து, வீட்டில் அடிதடி, கந்துக்கடன் எல்லாம் இதைத் தொடர்ந்து வருகின்றன.

கள்ளச்சாராயம் கொல்லும் விதம் வேறு. கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம் என்பதால் பலர் மருத்துவமனைக்குத் தாமதமாகவே வருகிறார்கள். கருணாபுரச் சாவுகளுக்குப் பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. இத்தகைய சாவுகள்தான் செய்தியாகின்றன. குவார்ட்டரால் பத்தாண்டில் இறப்பவர் கணக்கில் "மஞ்சள் காமாலை" என்று போய்விடுகிறார்.

குட்கா, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்கு மாநிலத்தில் 2013 முதல் தடை இருந்தும், ஹான்ஸ், கூல் லிப் பாக்கெட்டுகள் பெட்டிக்கடைகளில் மறைவாகக் கிடைப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. கஞ்சாவுக்கு எதிராகக் காவல்துறை 2021 டிசம்பரில் தனி வேட்டையைத் தொடங்கியது.

குடிநோய் சிகிச்சையில் முதல் சில நாட்களே ஆபத்தானவை. நெடுங்காலம் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் வரலாம். சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவர்களுக்கும் இது நேரும். சாமி குத்தம் என்று எண்ணாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை இது. தயாமின் ஊசி, தூக்க மருந்து வகையிலான மாத்திரைகள், கண்காணிப்பு ஆகியவை உயிரைக் காக்கும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சென்னையின் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில், ஊரிலேயே முகாம் நடத்தி, மனைவி மக்களையும் சேர்த்துச் சிகிச்சை அளித்தது. கூலி வேலையை விட்டுப் பட்டணத்தில் பல வாரம் தங்க முடியாதவர்களுக்கு இந்த முறை பொருந்தும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.