பத்து வயதின் எல்லை: மாத்தளைத் தோட்டப் பாடசாலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகரின் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை தேடும் தோட்டத்து இளைஞருக்கென மாலை வகுப்பும் தொழிற்பயிற்சியும் நடத்துவோர், அவர்கள் கல்வியை இடையிற் கைவிட்டமைக்குப் பெற்றோரின் அக்கறையின்மையையே காரணங் காட்டுவதுண்டு. வரலாறு இக்கூற்றுக்கு இடந்தரவில்லை.

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் வந்தோர் அடைந்த மலைநகர் மாத்தளை. 1880இல் புகையிரதப் பாதை இந்நகரை எட்டியது. விளைபொருளுக்கு வழி சமைத்த அரசு, அவ்விளைபொருளைத் தந்தோரின் பிள்ளைகளைச் சட்டத்தில் நினைவுகூர்ந்தது 1907இலேயே. அவ்வாண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேல்? இவ்வினாவுக்கான விடையை நாம் கல்விச் சட்டத்திலன்றி, 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே தேடவேண்டும். அது ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலி விகிதங்களுக்கு வழிசெய்தது. பள்ளிக்கு மேல்வரம்பு விதித்த அதே அரசு, சிறுவரின் உழைப்புக்கு விலையும் குறித்தது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து வாசிக்காத ஆய்வு, வறுமையைத் தொழிலாளியின் குணவியல்பாகக் காணும் பிழைக்கே இட்டுச்செல்லும்.

ஓரறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்பு: தோட்டப் பாடசாலையின் பொதுவடிவம் இதுவே. பகலில் மலைக்குச் சென்றோருக்கு லயத்துக் காம்பராவின் மண்ணெண்ணெய் விளக்கடியில் நடந்த இரவுப் பாடசாலைகளே எஞ்சின. ஆத்திசூடியோடு கணக்கும் கற்றவன், செக்றோலில் தனக்கு முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என அறிவான். அத்தகையோன் கணக்கப்பிள்ளைக்கு உவப்பானவனாக இருந்திருக்க முடியாது.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதன் புறத்தே நின்றது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் வாக்கைப் பறித்தன. பாடசாலை கேட்டு வாதாட ஒரு பிரதிநிதியும் இல்லாது போயிற்று. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களின் பின்னரே, 1977 முதற் படிப்படியாக இப்பாடசாலைகள் அரசின்கீழ் வந்தன. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களால் மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்குப் பெயர்ந்தன. பிள்ளைகளின் படிப்பும் அங்கங்கே அறுந்தது.

1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்தினும் முதன்மையானது, தோட்டத்து இளைஞர் யுவதிகளையே ஆசிரியராக நியமித்தமை எனக் கருதுகின்றோம். லயத்திலிருந்து புறப்பட்டவர் பதிவேட்டுடன் அதே லயத்துப் பிள்ளைகளின் முன் நின்றார். அரசு ஊதியமும் பெற்றார்.